இங்கிலாந்து ஷவர் ஹீட்டர், 8.5 கிலோவாட்: பழைய வீட்டு வயரிங் தாங்குமா?

கருங்கல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் எங்கள் வீடு. 1988-ல் அப்பா கட்டியது. அம்மாவுக்கு மூட்டுவலி, காலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது. குனிந்து வாளியில் மொண்டு ஊற்றுவதும் கஷ்டம் என்பதால் நாற்காலி போட்டு ஷவரில்தான் குளிக்கிறார்கள். இப்போது இருப்பது 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர். வாங்கிய புதிதிலேயே தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டியதில்லை. சாரல் பெய்கிற நாளில் அதுவும் இல்லை. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, எலிமென்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

அக்கா இங்கிலாந்தில் நர்ஸ். லீவுக்கு வந்தபோது அங்கே வீடுகளில் மாட்டும் எலக்ட்ரிக் ஷவர் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். பெட்டியில் 8.5 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. பிளக் கிடையாது, வயரை நேராக உள்ளே கொடுக்க வேண்டும்.

வீட்டு விவரம் சொல்கிறேன். மீட்டரும் மெயினும் முன்பக்கம் சிட்அவுட்டில். குளியலறை பிற்பாடு அடுக்களைக்குப் பின்னால் சேர்த்துக் கட்டியது. வயர் போகும் வழியை அளந்தால் 20 மீட்டர் வரும். மெயின் பழைய இரும்புப் பெட்டி, உள்ளே பீங்கான் பியூஸ். ஹீட்டருக்கு மட்டும் 16 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற ஸ்விட்ச்) ஒன்று பிறகு வைத்தார்கள். சிங்கிள் பேஸ் இணைப்பு. கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ஆர்சிசிபி கிடையாது. எர்த் உண்டு என்று அப்பா சொல்லுவார், நான் பார்த்ததில்லை. ஹீட்டரைப் போட்டால் அடுக்களை லைட் கொஞ்சம் மங்கும்.

இந்த வயரிங்கில் புது ஷவரை மாட்டலாமா? மாட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? அம்மா குளிக்கிற இடம், அதனால்தான் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

வெள்ளிச்சந்தை_ராஜ்

16 ஆம்ப் எம்சிபி நிற்காது ப்ரோ, போட்ட உடனே விழும். 40 ஆம்ப் எம்சிபி மாற்றிவிட்டு அதே லைனில் கொடுங்கள். எங்கள் ஹீட்டருக்கும் எம்சிபி விழுந்துகொண்டே இருந்தது, பெரியது போட்டதும் சரியாகிவிட்டது.

தக்கலை வயர்மேன்

தம்பி, மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். ராஜ், உங்கள் வீட்டிலும் அந்த லைனை ஒருமுறை ஆள் வைத்துப் பாருங்கள். எம்சிபி இருப்பது சுவருக்குள் போகிற வயரைக் காப்பாற்ற. வயர் எவ்வளவு தாங்குமோ அதைவிட எம்சிபி பெரிதாக இருக்கக் கூடாது. மெல்லிய வயருக்கு 40 ஆம்ப் போட்டால் வயர் பைப்புக்குள் வேகும், எம்சிபி அசையாது.

இனி கணக்கு. 8500 வாட்டை 230-ஆல் வகுத்தால் 37 ஆம்பியர். அங்கே பெரும்பாலும் 240 வோல்ட்டுக்குக் கணக்கிட்டு எழுதுவார்கள். அப்படி இருந்தால் நம்முடைய 230-ல் 34 ஆம்பியர் இழுக்கும். எப்படிப் பார்த்தாலும் நம் வீட்டில் இருக்கும் பவர் பிளக் 16 ஆம்பியருக்குத்தான். இதற்கு மெயினிலிருந்து தனியாக 10 ஸ்குவேர் எம்எம் காப்பர் வயர் இழுக்க வேண்டும். தனி 40 ஆம்ப் எம்சிபி, ஆர்சிசிபி, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் ஸ்விட்ச் எல்லாம் வேண்டும். அதோடு முடியாது. சிங்கிள் பேஸ் வீட்டில் ஒரே சாமான் 37 ஆம்பியர் இழுத்தால் போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் வயரும் மீட்டரும் தாங்க வேண்டும். உங்கள் இணைப்புக்கு எவ்வளவு லோடு அனுமதி என்று கரண்ட் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். அதைத் தாண்டினால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்து, த்ரீ பேஸ் ஆக மாற்ற வேண்டி வரும். அப்படி மாற்றினாலும் இந்த ஷவர் முழுவதும் ஒரே பேஸில்தான் உட்காரும்.

எம்சிபி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. 16 ஆம்ப் எம்சிபி என்றால் 16-ஐத் தாண்டிய நொடியில் விழும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். நிர்ணயமே அப்படித்தான். 4.5 கிலோவாட் ஹீட்டர் 19.6 ஆம்பியர் இழுக்கும், அது 1.22 மடங்கு. அதாவது கால் மணி நேரக் குளியலுக்கு எம்சிபி விழாமலே போகலாம். அதுவரை பிளக்கும் சாக்கெட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் இப்படி 4.5 கிலோவாட்டை 16 ஆம்ப் பிளக்கில் மாட்டியிருந்தார்கள். கருகிய வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். மெயினை ஆப் செய்துவிட்டு பிளக்கை இழுத்தால் வரவில்லை. நியூட்ரல் பின் பக்கம் சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகி, பின்னோடு ஒட்டிப்போயிருந்தது. அசைத்து அசைத்து எடுத்துப் பார்த்தால் பேஸ் பின் பளபளவென்று இருக்கிறது, நியூட்ரல் பின் மட்டும் செம்பழுப்பாகி நீலம் பாய்ந்திருக்கிறது. பின்னால் வயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒரு சுற்று லூஸ். வயரின் உறை இரண்டு அங்குலத்துக்கு விறைத்துப் போய், விரலால் தொட்டதும் பொரிந்து உதிர்ந்தது. அந்த எம்சிபி ஒருநாளும் விழுந்ததில்லை. எல்லாரும் பேஸை மட்டும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நியூட்ரல் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்களுக்கு 8.5 தேவையே இல்லை. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 முதல் 10 டிகிரியில் வரும். அதை 38-க்கு ஏற்ற அவ்வளவு பவர் வேண்டும். நமக்கு மார்கழிக் காலையிலும் தொட்டித் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 13, 14 டிகிரி ஏற்றினால் வயதானவர்கள் குளிக்கிற சூடு வந்துவிடும். முழு 3 கிலோவாட்டும் தண்ணீரில் இறங்கினால், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டத்தில் 14 டிகிரி ஏறும். எனவே உங்கள் ஹீட்டரே போதுமானது. அது ஏன் போதவில்லை என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். லைட் மங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஹீட்டரின் சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 200 கிடைத்தால் கால் பங்கு பவர் காணாமல் போய்விடும். கம்பியாள் சான்று உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். மீட்டரிடத்தில் ஒரு தடவை, குளியலறைப் பிளக்கில் ஒரு தடவை வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் ஆப்பில் இருக்கும்போதும் ஓடும்போதும், மொத்தம் நான்கு அளவு. வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் டாங் டெஸ்டர் மாட்டி ஆம்பியரும் பார்க்கட்டும். வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் இருந்தால் மெயினை ஆப் செய்து, சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் இன்சுலேஷன் பார்க்கட்டும், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை நம்ப வேண்டாம். நீங்களாக எதையும் திறக்க வேண்டாம். ஒரு வாளி மட்டும் வைத்து, ஷவரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்த்து வையுங்கள். எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள்.

நாகர்கோவில்_டு_லெஸ்டர்

நான் இருப்பது இங்கிலாந்தில், சொந்த ஊர் நாகர்கோவில் வடசேரி. அந்த ஷவர் எங்கள் வாடகை வீட்டிலும் இருக்கிறது. கரண்ட் விஷயத்தை அண்ணாச்சி சொல்லிவிட்டார். தண்ணீர் விஷயத்தைப் பாருங்கள். இது தெருக் குழாயின் பிரஷரில் நேராக ஓடுவதற்குச் செய்தது. கையேட்டில் குறைந்தபட்ச பிரஷர் என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் 1 பார் அளவில் கேட்கும். உள்ளே ஒரு பிரஷர் ஸ்விட்ச் உண்டு, அந்த அழுத்தம் இல்லாவிட்டால் எலிமென்டுக்குக் கரண்டே போகாது. 1 பார் என்றால் 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர். ஒரு மாடி வீட்டில் மொட்டை மாடித் தொட்டி ஷவருக்கு மேலே 3, 4 மீட்டர்தான் இருக்கும். 0.3 பார், 0.4 பார். தனியாக பிரஷர் பம்ப் வைக்காமல் ஷவர் ஓடாது. ஓடினாலும், 27 டிகிரித் தண்ணீர் 4 லிட்டர் ஓட்டத்தில் உள்ளே போனால் முழு பவரில் 30 டிகிரி ஏறும். 57 டிகிரியில் வெளியே வந்தால் வயதானவர்கள் தோல் என்ன ஆகும்? சூடு மீறினால் கரண்டை நிறுத்தும் கட்அவுட் உள்ளே இருக்கிறது, அது வெட்டிவிடும், பிறகு திரும்பக் குளிர்ந்த தண்ணீர் வரும். அக்கா பாசத்தோடு வாங்கி வந்தது, எனக்குப் புரிகிறது. ஆனால் இது அந்த ஊருக்கான சாமான்.

முட்டம்_செல்வி

எர்த் உண்டு என்று அப்பா சொன்னார் என்று எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். எங்களுக்கும் எர்த் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தென்னைக்கு அடியில் பைப் தெரியும், அதில் வயரும் முறுக்கியிருக்கும். பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று என் மகள் சொன்ன பிறகுதான் ஆளைக் கூப்பிட்டோம். அவர் பைப்பைப் பிடித்து ஆட்டினார், கையோடு வந்துவிட்டது. மண் மட்டத்துக்கு நாலு விரல் கீழே முழுவதும் அரித்துப்போய், மேல் துண்டு சும்மா குத்தி நிற்கிறது. வயர் முறுக்கிய இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. உப்புக் காற்று அப்படித் தின்றுவிடுகிறது. புதிதாகக் குழி தோண்டி, வயரை முறுக்காமல் அதன் முனையில் லக் என்கிற உலோக வளையம் வைத்து போல்ட் போட்டு, மேலே கிரீஸ் பூசி, திறந்து பார்க்கிற மாதிரி சிமென்ட் மூடி வைத்தோம். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

கருங்கல் பக்கம் செம்புரை மண் என்றால் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும், அங்கேயும் எர்த் சரியாக நிற்காது என்று அவரே சொன்னார். பைப் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள், அண்ணா. எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கருங்கல்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சி சொன்னபடி ஆள் வந்து பார்த்தார். அளவுகள்:

ஹீட்டர் ஆப்பில் மீட்டரிடத்தில் 221, குளியலறையிலும் 221. ஹீட்டர் ஓடும்போது மீட்டரிடத்தில் 216, குளியலறையில் 198. ஆம்பியர் 11.2. ஷவரில் நிமிடத்துக்கு 5 லிட்டர் வருகிறது. வயர் 1.5 ஸ்குவேர் எம்எம். இன்சுலேஷன் பரவாயில்லை என்றார். எர்த் வயர் அடுக்களைப் பிளக் வரைக்கும்தான் வருகிறது, அதற்குப் பின்னால் இல்லவே இல்லை. குளியலறைப் பிளக்கின் மேல் ஓட்டையில் ஒரு சின்னத் துண்டு வயர், அதை நியூட்ரலோடு இணைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவர் ஹீட்டரை அப்போதே கழற்றி வைத்துவிட்டார். இவ்வளவு நாள் அம்மா அதில்தான் குளித்தார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தக்கலை வயர்மேன்

கழற்றி வைத்தது மிகவும் சரி. அவரையே வைத்து வேலையை முடியுங்கள், கவனமாகப் பார்க்கிற ஆள்.

எர்த்தையும் நியூட்ரலையும் பிளக்கில் இணைத்து வைப்பது எவ்வளவு ஆபத்து என்று எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், பேஸ் எலிமென்ட் வழியாக வந்து, அந்தத் துண்டு வயர் வழியாக ஹீட்டரின் உலோக பாகத்துக்கும் தண்ணீருக்கும் வந்துவிடும். ஹீட்டர் சூடாகவில்லையே என்று ஈரக் கையோடு தொட்டுப் பார்ப்பவர் நிலைமை என்ன? எர்த் இல்லாத இடத்தில் இருப்பதுபோல் காட்டுவதற்காகச் செய்கிற வேலை இது. இதைச் செய்யவே கூடாது.

இனி உங்கள் வெந்நீர். மீட்டரிலிருந்து குளியலறை போவதற்குள் 18 வோல்ட் போகிறது. 1.5 வயரில் 20 மீட்டருக்கு, 11 ஆம்பியரில், ஆறரை வோல்ட்தான் போக வேண்டும். மீதி பதினொன்றரை வோல்ட் வயரில் போகவில்லை, எங்கோ ஒரு லூஸ் ஜாயின்டில் போகிறது. அதை 11.2 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 130 வாட். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி ஐந்தை ஒன்றாகக் கட்டி உங்கள் சுவருக்குள் வைத்ததுபோல ஒரு இடம் தினமும் காய்கிறது. நான் அங்கே இருந்தால் அடுக்களையில், குளியலறைக்குப் பிரிந்து போகும் ஜங்ஷன் பாக்ஸைத்தான் முதலில் திறப்பேன். பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறைக்கு லைன் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள். அடுக்களை லைட் மங்குவதும் அதைத்தான் சொல்கிறது.

198 வோல்ட்டில் உங்கள் 3 கிலோவாட் ஹீட்டர் தருவது சுமார் 2.2 கிலோவாட். அதில் 5 லிட்டர் ஓட்டம். ஆறரை டிகிரிக்கு மேல் ஏறாது. சர்வீஸ் ஆள் சொன்னது உண்மைதான், எலிமென்டில் ஒரு குறையும் இல்லை.

மெயினிலிருந்து ஹீட்டருக்கென்று தனியாக 4 ஸ்குவேர் எம்எம் காப்பர் இழுங்கள், நடுவில் ஒரு ஜாயின்ட்கூட இல்லாமல். கூடவே எர்த் வயரும் அதே பைப்பில் வரட்டும். 3 கிலோவாட்டுக்கு 2.5 போதுமே என்று கடையில் சொல்வார்கள். வோல்ட்டேஜ் இங்கே குறைவாக இருப்பதால் 4 போடுவது நல்லது. 4-ல் 3 வோல்ட்டுக்குள்தான் போகும். நாளைக்கு 4.5 கிலோவாட் போட நினைத்தாலும் வயரை மாற்ற வேண்டாம், பிளக்கை எடுத்துவிட்டு டபுள் போல் ஸ்விட்சும் 25 ஆம்ப் எம்சிபியும் வைத்தால் போதும். இப்போதைக்கு 16 ஆம்ப் எம்சிபியே இருக்கட்டும். அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் அந்த அளவு வேறுபட்டால் அது வெட்டிவிடும். ஆனால் ஆர்சிசிபி இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடக் கூடாது. எர்த் இருந்தால் ஹீட்டரில் கசிவு தொடங்கும்போதே வெட்டும். எர்த் இல்லாவிட்டால் ஒரு ஆள் தொட்ட பிறகுதான் வெட்டும். புது எர்த் குழி செல்வி சொன்ன மாதிரியே போடுங்கள்.

ஷவர் ஓட்டத்தை வால்வில் 3 லிட்டருக்குக் குறையுங்கள். உங்கள் வோல்ட்டேஜில் 12 டிகிரி ஏறும். அம்மாவுக்கு அது போதும்.

வெள்ளிச்சந்தை_ராஜ்

அண்ணாச்சி, எங்கள் வீட்டு லைனையும் பார்க்கச் சொல்லிவிட்டேன். வயர் 2.5, எம்சிபி 32 இருக்கிறது. திரும்ப 16 வைத்தால் விழுமே?

தக்கலை வயர்மேன்

ராஜ், விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். ஹீட்டர் 3 கிலோவாட்டாக இருந்தால் 13 ஆம்பியர்தான், நல்ல 16 ஆம்ப் எம்சிபி விழவே கூடாது. எலிமென்டில் கசிவா, அதே லைனில் அயர்ன் பாக்ஸோ மோட்டாரோ சேர்ந்து ஓடுகிறதா, இல்லை எம்சிபி ஸ்க்ரூ லூசாகி அங்கே சூடேறுகிறதா, பார்க்கச் சொல்லுங்கள். 32-ஐ இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கருங்கல்காரன்

வேலை முடிந்தது. நீங்கள் சொன்ன ஜங்ஷன் பாக்ஸ்தான். மூடியைத் திறந்ததும் கருகின வாடை. நியூட்ரலை முறுக்கி டேப் சுற்றியிருந்த இடத்தில் டேப் கரியாகி, வயரின் முறுக்கு பாதி விட்டிருந்தது. இப்போது தனி லைன், 4 ஸ்குவேர். புது எர்த்தும் அளந்து பார்த்தாகிவிட்டது. ஹீட்டர் ஓடும்போது பிளக்கில் 213 வருகிறது, லைட் மங்கவில்லை. ஓட்டத்தைக் குறைத்த பிறகு அம்மா நல்ல சூடு என்கிறார்கள். இங்கிலாந்து ஷவரை அக்கா திரும்பப் போகும்போது கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு சந்தேகம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இந்த ஆர்சிசிபியை மெயினில் வைத்து வீடு முழுக்கப் பாதுகாப்பாக ஆக்கலாமா என்று கேட்டதற்கு, இன்வெர்ட்டரோடு சும்மா சும்மா விழும் என்றார். உண்மையா?

தக்கலை வயர்மேன்

உண்மைதான் தம்பி. பழைய வயரிங்கில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மற்ற லைன்களின் நியூட்ரலும் ஏதாவது ஒரு பெட்டியில் கலந்திருக்கும். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு நியூட்ரலில் திரும்பினால் ஆர்சிசிபிக்கு அது கசிவு மாதிரித்தான் தெரியும், விழும். அப்படி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இப்போதைக்கு ஹீட்டர் லைனில் தனியாகவே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். பீங்கான் பியூஸை எடுத்துவிட்டு, எல்லா லைனின் எம்சிபியும் ஒரே பெட்டியில் இருக்கும் டிபி போர்டு வைக்கும் நாளில், இன்வெர்ட்டருக்குத் தனி நியூட்ரல் பிரித்து, மெயினிலும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் அடுக்களையில் மிச்சமிருக்கும் டேப் ஜாயின்ட்களை எடுத்துவிட்டு கனெக்டர் போடச் சொல்லுங்கள். மிக்சியும் பிரிட்ஜும் இன்னும் அந்தப் பழைய பெட்டி வழியாகத்தான் ஓடுகின்றன.